கணக்கு நோட்டும் மனசு நோட்டும்

எழுதினால் மனசு லேசாகும் என்கிறார்கள். இன்றைக்கு இதை யார் சொல்லவில்லை என்று கேட்பதுதான் சுலபம். வார இதழின் டாக்டர் பக்கம் சொல்கிறது. பள்ளிக்கூடத்து ஆற்றுப்படுத்துநர் சொல்கிறார். தொண்டு நிறுவனத்துப் பயிற்சியாளர் சொல்கிறார். தேனி பங்களாமேட்டு ஸ்டேஷனரிக் கடையில் கண்ணாடி அலமாரிக்குள் உட்கார்ந்திருக்கிற கெட்டி அட்டை நோட்டும் சொல்கிறது. நாட்குறிப்பு எழுதுவது ஒரு மருந்துச் சீட்டாக ஆகிவிட்டது. இந்த மருந்துச் சீட்டை ஒரு பிரதியாக எடுத்துவைத்து வாசித்துப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக எனக்கு எண்ணம். அது பொய் என்று நிரூபிப்பதற்காக அல்ல. எழுதுவதால் சிலருக்குச் சில நேரம் ஆறுதல் கிடைக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எந்த மாதிரி எழுத்து, யாருடைய மனசு, இறக்கிவைத்த பாரம் எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் இங்கே கேள்வி.

அந்த நோட்டிலிருந்தே தொடங்கலாம். ஒன்று வாங்கி வந்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஐந்து வட்ட முகங்கள், சிரிப்பிலிருந்து அழுகை வரைக்கும். இன்றைய முகத்தில் டிக் போட வேண்டும். அதன் கீழே, இன்று நான் நன்றி சொல்ல விரும்பும் மூன்று விஷயங்கள். அதன் கீழே, நாளை நான் என்னிடம் மாற்றிக்கொள்ள விரும்புவது. அவ்வளவுதான், இருநூறு பக்கமும் இதுவே. இதன் இலக்கணத்தைக் கவனியுங்கள். எல்லா வாக்கியத்துக்கும் எழுவாய் 'நான்'. வினைகள் உணர்வது, விரும்புவது, மாற்றிக்கொள்வது. அடித்தான், எடுத்தான், குறைத்தான், ஏமாற்றினான் என்கிற வினைகளுக்கு அந்தப் பக்கத்தில் கோடு போடவில்லை. ஒரு நாளில் நமக்கு நடந்ததெல்லாம் நமக்குள்ளேயே நடந்ததாக எழுதச் சொல்கிற பிரதி இது. இந்த நன்றிப் பட்டியலுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 2003இல் எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அதில் ஒரு குழுவினர் பத்து வாரம், வாரம் ஒருமுறை, நன்றிக்குரிய ஐந்து விஷயங்களை எழுதினார்கள். இன்னொரு குழுவினர் அதே மாதிரி தங்களுக்கு எரிச்சலூட்டிய ஐந்து விஷயங்களை எழுதினார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்த குழு அது. ஆய்விலிருந்து கடை அலமாரிக்கு வருகிற வழியில் எரிச்சல் பத்தி உதிர்ந்து போய்விட்டது. பாதிக் கூலி கொடுத்து அனுப்பியவனையும் அந்த மூன்றில் ஒன்றாக எழுத வேண்டியதுதான்.

நான் இருப்பது பழனிசெட்டிபட்டி. தேனியிலிருந்து கம்பம் ரோட்டில், முல்லைப் பெரியாற்றுத் தடுப்பணையை ஒட்டின ஊர். இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் மகளிர் குழுப் பெண்களுக்கு மனநலப் பயிற்சி என்று ஒருநாள் கூட்டம் நடந்தது. நாற்காலி போட்டுக் கொடுக்கிற வேலையாகப் போயிருந்தேன். முப்பது பேருக்குக் கொஞ்சம் மேலே இருப்பார்கள். மில்லுக்குப் போகிறவர்கள், சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கிறவர்கள், போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு விடியும் முன்னே ஜீப் ஏறுகிறவர்கள். பயிற்சி கொடுத்த பெண் நல்ல மாதிரி, அதட்டாமல் பேசினார். எல்லோருக்கும் ஆளுக்கொரு நோட்டு. தினமும் ராத்திரி படுக்கப்போகும் முன்னால் பதினைந்து நிமிஷம் மனசில் உள்ளதை எழுதுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம் என்றார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு நடு வரிசையிலிருந்து ஒரு அம்மா கேட்டார்: "மேடம், இத எங்கிட்டு வைக்கிறது?"

"உங்க பீரோவுல வச்சுக்கங்கம்மா."

"பீரோ சாவி அவருகிட்டல்ல இருக்கு."

பக்கத்திலிருந்தவர் சொன்னார்: "அரிசி டின்னுக்குள்ள போட்டு வையி மதினி. எலி படிச்சிட்டுப் போகட்டும்." மண்டபமே சிரித்தது. பயிற்சியாளரும் சிரித்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போனார்.

அந்தக் கேள்விக்குத் தலைப்பு மாற்றியிருக்கக் கூடாது. 'எங்கிட்டு வைக்கிறது' என்பது இந்த விஷயத்தின் மொத்தக் கோட்பாடும் அடங்கின கேள்வி. எழுதுகிற பெண்ணுக்குத் தனி அறை வேண்டும், சொந்த வருமானம் வேண்டும் என்று 1929இல் வர்ஜீனியா வுல்ஃப் சொன்னதை நாம் இலக்கியத்துக்கான நிபந்தனையாக மட்டும் வாசித்துவிட்டோம். கவலையை எழுதுவதற்கும் அதுவேதான் நிபந்தனை. அந்தரங்கம் மனசுக்குள் சும்மா கிடக்கிற பொருளல்ல. அதற்குப் பூட்டு வேண்டும், சாவி வேண்டும், சாவியை வைத்துக்கொள்கிற உரிமை வேண்டும். அரைச் சுவர் மறைப்புள்ள வீட்டில், ஒரே லைட்டின் கீழே, பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுகிற இடத்தில், ஒரு பெண் நோட்டைத் திறந்து உட்கார்ந்தாலே அது ஒரு அறிவிப்பு. என்னத்த எழுதுற என்ற கேள்வி வராமல் இருக்காது.

இது கற்பனைச் சிரமம் இல்லை என்பதற்குத் தமிழில் அறியப்பட்ட சாட்சி இருக்கிறது. துவரங்குறிச்சியில் வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப்பட்டவர் சல்மா. கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் தூங்கின நேரத்தில் கழிவறைக்குள் நின்றுகொண்டு தாள் துண்டுகளில் எழுதியதை அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். எழுதின தாள்கள் அவருடைய தாயின் கை வழியாகத்தான் வீட்டுக்கு வெளியே வந்தன. பேரையும் மாற்றிக்கொண்டார். 2000இல் அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு வந்தது. 2001இல் அவர் அந்த ஊரின் பேரூராட்சித் தலைவர். 2013இல் கிம் லாஞ்சினாட்டோ அவரைப் பற்றி ஆவணப்படமே எடுத்தார். இந்தக் கதையை எழுத்தின் வெற்றிக் கதையாகச் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்தத் தாள்கள் ஒளித்து வைத்த இடத்திலேயே இருந்திருந்தால் சல்மாவுக்கு என்ன ஆகியிருக்கும்? ஒளித்து எழுதினது முதல் பாதிதான். ஒரு தாய், ஒரு தபால், ஒரு பத்திரிகை, முகம் தெரியாத வாசகர்கள் என்று ஒரு சங்கிலி பிடித்து வெளியே இழுத்தது மறுபாதி. மனநலப் பயிற்சி முதல் பாதியை மட்டும் விற்கிறது.

நாட்குறிப்பு நமக்குப் புதுசா என்றால் இல்லை. தமிழின் பெரிய நாட்குறிப்பு ஆனந்தரங்கப் பிள்ளையுடையது. 1736 செப்டம்பரில் தொடங்கி, புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்த 1761 ஜனவரி வரைக்கும் போகிறது. பிள்ளை துய்ப்ளேக்சின் துபாஷி, பெரிய வியாபாரி. கப்பல் வந்தது, சரக்கு ஏறினது, யார் யாருக்கு என்ன மரியாதை நடந்தது, யார் யாரைப் பற்றிக் குவர்னரிடம் கோள் சொன்னார்கள், ஜாதகம், கனவு என்று பக்கம் பக்கமாக. 1904இலிருந்து 1928 வரை சென்னை அரசு அதை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதியாகப் போட்டது. வரலாற்றுக்காரர்களுக்கு அது புதையல். இலக்கிய வாசகர்களோ, அதில் 'அகம்' இல்லை என்று குறைப்படுவார்கள். ஐரோப்பிய நாட்குறிப்பு ஒன்றை மனசில் வைத்துக்கொண்டு பார்ப்பதால் வருகிற குறை அது. பிள்ளையுடைய எழுத்தின் வித்து நாள்வழிக் கணக்கில் இருக்கிறது. வியாபாரி தினமும் வரவும் செலவும் எழுதுவான், எதிர்ப்பக்கத்தில் யார் பேரில் என்றும் எழுதுவான். அவமானத்தையும் சந்தோஷத்தையும் பிள்ளை அப்படித்தான் பதிந்துவைத்தார். அவமானப்படுத்தியவன் பேர், இடம், நேரம், அப்போது பக்கத்தில் இருந்தவர்கள் யார் யார் என்று. அதில் பயங்கரமான சுயபெருமையும் சாதிப் பெருமையும் உண்டு. அதை மூடி மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அந்தக் கணக்கு வடிவம் ஒரு காரியம் செய்கிறது. 'எனக்கு மனசு சரியில்லை' என்று அதில் எழுத முடியாது. யாரால், எதனால் என்று எழுதியே தீர வேண்டும். கணக்கு நோட்டில் எப்போதும் ஒரு எதிராளி இருக்கிறான். மனசு நோட்டில் அவன் இல்லை.

மனசு நோட்டின் வம்சாவளி வேறு. இங்கே ஃபூக்கோவைக் கொஞ்சம் கூப்பிட வேண்டியிருக்கிறது. 1976இல் வந்த பாலியலின் வரலாறு முதல் தொகுதியில் அவர் சொல்வது, மேற்கத்திய மனிதன் ஒப்புக்கொள்கிற பிராணியாக ஆக்கப்பட்டான் என்று. 1215இல் கூடின லாத்தரன் சங்கம் எல்லா விசுவாசிகளும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும் என்று விதித்தது. உள்ளே இருப்பதை வெளியே சொல்வது விடுதலை என்று நாம் நினைக்கிறோம். அது அதிகாரத்தின் வேலை என்கிறார் அவர். இது பலருக்கும் தெரிந்தது. ஆனால் 1983இல் தன்னை எழுதுதல் பற்றி அவர் எழுதிய சிறு கட்டுரையை நம்மவர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதில் இரண்டு மாதிரி நோட்டு வருகிறது. ஒன்று, பழைய கிரேக்க ரோமானியர்கள் வைத்திருந்த குறிப்பேடு. படித்தது, கேட்டது, நாளைக்கு உதவும் என்று தோன்றினது எல்லாம் அதில் இருக்கும்; அந்தரங்கம் இருக்காது. இன்னொன்று, நாலாம் நூற்றாண்டில் அத்தனாசியுஸ் எழுதிய அந்தோணியார் சரித்திரத்தில் வருகிற துறவியின் எழுத்து. தனியாக இருக்கிற துறவி தன் எண்ணங்களை எழுதிவைத்தால், கூட இருக்கிற சகோதரர்கள் பார்ப்பது போலக் கூச்சம் வரும், பாவ எண்ணம் தோன்றாது. நோட்டு அங்கே ஒரு கண். இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சி நூலில் இது இன்னும் கறாராகிறது. வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு கோடு இழுத்து, மத்தியானமும் ராத்திரியும் எத்தனை தடவை தவறினோம் என்று புள்ளி வைக்க வேண்டும். பங்களாமேட்டுக் கடை நோட்டின் ஐந்து முகங்களைப் பார்த்தபோது எனக்கு இந்தப் புள்ளிகள்தான் ஞாபகம் வந்தன.

காந்தியிடம் இதே சங்கதி வேறு உடுப்பில் வருகிறது. ஆசிரமத்தில் இருக்கிறவர்கள் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது அவருடைய வற்புறுத்தல். உறவுமுறையில் பேத்தியான மனு, 1943இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் அவருடன் சேர்ந்த பிறகு நாட்குறிப்பு எழுதினார். காந்தி அதைப் படித்தார், ஓரத்தில் கையெழுத்தும் போட்டார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2019இல் திரிதீப் சுஹ்ருத் மூலம் வந்தது. பதினைந்து, பதினாறு வயசுப் பெண் தன் மனசை எழுதுகிறாள், ஒரு மகாத்மா கையெழுத்துப் போடுகிறார். அந்தப் பெண் அதில் ஆறுதல் அடையவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அடைந்திருக்கலாம். ஆனால் கையெழுத்துக்குப் போகிற நோட்டில் எந்த வாக்கியம் எழுதப்படாது என்பதை யாரும் ஊகிக்கலாம்.

சரி, அறிவியல் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். நம்மவர்கள் விஞ்ஞானம் என்றதும் ஏகாதிபத்தியச் சொல்லாடல் என்று ஒதுக்கிவிட்டுப் போவது சோம்பேறித்தனம். இந்த ஆய்வுகளுக்கெல்லாம் மூலவர் ஜேம்ஸ் பென்னிபேக்கர். 1986இல் அவரும் சாண்ட்ரா பீலும் 46 கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு பரிசோதனை வெளியிட்டார்கள். நாலு நாள் தொடர்ந்து, நாளுக்குப் பதினைந்து நிமிஷம் எழுத வேண்டும். சிலர் சாதாரண விஷயம் எழுதினார்கள். சிலர் வாழ்க்கையில் பட்ட பெரிய அடியின் விவரங்களை மட்டும் எழுதினார்கள். சிலர் அதைப் பற்றிய உணர்ச்சிகளை மட்டும். மீதிப்பேர் நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து. எழுதி முடித்த கையோடு பார்த்தால் சேர்த்து எழுதினவர்களுக்கு மனசு கனத்துத்தான் இருந்தது, ரத்த அழுத்தமும் கூடியிருந்தது. அடுத்த ஆறு மாசத்தில் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் குறைவாகப் போனவர்களும் அவர்கள்தான். அதாவது எழுதின உடனே லேசாகும் என்பதே தப்பு. அதைவிட முக்கியம், வெறும் உணர்ச்சியைக் கொட்டினது போதவில்லை, யார் என்ன செய்தார்கள் என்ற விவரமும் கூட வேண்டியிருந்தது. பிறகு 1997இல் வந்த ஆய்வில், ஏன், எதனால், இப்போது புரிகிறது என்கிற மாதிரிச் சொற்கள் நாளுக்கு நாள் கூடினவர்களுக்கே பலன் அதிகம் என்று கண்டார்கள். 2003இல் கேம்பலும் பென்னிபேக்கரும் வெளியிட்டது எனக்கு இன்னும் பிடிக்கும். ஒருநாள் 'நான்' என்றும் இன்னொருநாள் 'அவன், அவர்கள்' என்றும் பிரதிப்பெயரை மாற்றி மாற்றி எழுதினவர்கள், ஒரே பெயரைப் பிடித்துத் தொங்கினவர்களைவிட டாக்டரிடம் குறைவாகப் போனார்கள். கடை நோட்டோ தினமும் 'நான்' என்றே தொடங்கச் சொல்கிறது.

இந்தப் பலனும் மலையளவு பலன் அல்ல. 2006இல் ஃப்ராட்டரோலி 146 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பலன் இருக்கிறது, ஆனால் சின்னது என்று முடித்தார். தொடர்பு எண் 0.075. புள்ளியியல் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு சன்னமான நூல் என்று தெரியும். செலவில்லாத காரியம், சின்னப் பலன் வந்தாலும் லாபம் என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மாசக்கணக்கில் தூக்கமில்லாமல், சோறு இறங்காமல், உயிரை வைத்திருக்க வேண்டுமா என்று யோசிக்கிற ஒருத்தியின் கையில் நோட்டைக் கொடுத்து அனுப்புவது வேறு. அவளைக் கையோடு க.விலக்கு அரசு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நோட்டு கொடுத்துவிட்டோம் என்பது அங்கே நாம் கைகழுவுவதற்கான ரசீதாகிவிடும்.

அரசாங்கமும் ஒரு நோட்டு வைத்திருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் தற்கொலையால் செத்தவர்கள் நாடு முழுக்க 1,70,924 பேர், தமிழ்நாட்டில் 19,834 பேர். அந்தப் பட்டியலில் காரணம் என்று ஒரு பத்தி உண்டு. நாடு தழுவிய கணக்கில் முதலிடம், 31.7 சதவீதம், 'குடும்பப் பிரச்சினை'. இதுவும் எதிராளியின் பேர் அழிந்த வாக்கியம். குடும்பம் என்ற பெரிய மூட்டைக்குள் வரதட்சிணை, குடி, கந்துவட்டி, சாதி மாறின காதல் எல்லாம் போய் விழுந்து முகமற்றுப் போகிறது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் செத்தால் கோட்டாட்சியர் விசாரணை வருகிறது. அப்போதுதான் அவள் எழுதின நோட்டை எல்லோரும் தேடுகிறார்கள். இறந்தவர் தன் சாவின் காரணம் பற்றி எழுதிவைத்தது சாட்சியமாகும் என்று 1872ஆம் வருஷச் சாட்சியச் சட்டத்தின் 32ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த புதுச் சட்டமும் அதையே சொல்கிறது. உயிரோடு இருந்தபோது யாரும் படிக்காத நோட்டுக்கு, செத்த பிறகு போலீஸ், தாசில், கோர்ட்டு என்று வாசகர் கூட்டம்.

உயிரோடு இருக்கும்போதே அந்த வாசகர்களை வரவழைக்கிற நோட்டு ஒன்று உண்டு. பெண்கள் அமைப்புகளில் வேலை செய்கிற தோழியர் சிலர், அடிவாங்கி வருகிற பெண்களிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்: கோபத்த எழுதாட்டிப் போகுது, தேதிய எழுது. என்னைக்கு, எத்தன மணிக்கு, என்னத்தால அடிச்சான், யாரு பார்த்தா. 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் நிரப்புகிற சம்பவ அறிக்கைப் படிவம் கேட்பதும் இதைத்தான்: தேதி, நேரம், இடம், செய்தவர் யார். இப்படி எழுதின ஒரு நாற்பது பக்க நோட்டை ஒரு முறை பார்க்க வாய்த்தது. செவ்வாய், ராத்திரி பத்து மணி, குழு லோன் மூவாயிரம் எடுத்துக்கிட்டாரு, கேட்டதுக்குச் செருப்பு, மேல வீட்டக்கா பார்த்துச்சு என்கிற தினுசில் ஒரே வரியாக ஓடுகிறது. ஒரு இடத்திலும் வருத்தம், வேதனை, மனஉளைச்சல் என்ற சொல் இல்லை. அந்தப் பெண் சொன்னது: "எழுத எழுதத்தான் இது என் தலையெழுத்து இல்ல, இவன் செய்யிறதுன்னு தெரிஞ்சுச்சு." பென்னிபேக்கர் பல வருஷம் சொற்களை எண்ணிக் கண்டுபிடித்ததை மளிகைக்கடைப் பற்று நோட்டு மாதிரி எழுதின ஒரு பெண் கண்டுகொண்டார். எழுவாய் மாறினது, அவ்வளவுதான். அந்த நோட்டும் வீட்டில் இல்லை. தங்கச்சி வீட்டில் இருந்தது.

பாமாவின் கருக்கு இந்த இடத்தில்தான் வருகிறது. கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்து, வேலையும் இல்லாமல், எந்தத் திக்கில் போவது என்று தெரியாமல் இருந்த காலத்தில், தன் காயத்தை ஆற்றிக்கொள்ளவே அதை எழுதினதாகப் பாமா பல தடவை சொல்லியிருக்கிறார். நண்பர் ஒருவர் சின்ன வயசு ஞாபகங்களை எழுதிப் பார் என்று சொன்னாராம். எழுதின பிறகு தெம்பு வந்தது என்கிறார். இலக்கியமாக நினைத்து எழுதினதல்ல. 1992இல் மதுரையிலிருந்து புத்தகமாக வந்தது. மனநலத்துக்காக எழுதின எழுத்துக்குத் தமிழில் இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இதை ஒரு தலித் தன்வரலாறு, முதல் தலித் பெண் தன்வரலாறு என்று வரிசைப்படுத்திப் பேசினோம், சரி. அது எப்படி ஆற்றியது என்று பேசவில்லை.

அது ஆற்றியது கணக்கு எழுதினதால். ஊர் எப்படிப் பிரிந்திருக்கிறது, எந்தத் தெரு யாருக்கு, வேலைக்குப் போன வீட்டில் தண்ணியை எப்படி ஊற்றினார்கள், பாட்டி எத்தனை மணிக்கு எழுந்தாள், பள்ளிக்கூடத்தில் என்ன சொன்னார்கள், மடத்துக்குள் சாதி எப்படி உட்கார்ந்திருந்தது என்று ஒவ்வொன்றும் பற்று வரவாக விழுகிறது. உள்ளே குடைந்துகொண்டிருந்த 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்கிற நினைப்பு, அதைக் கொண்டுவந்து போட்டவர்கள் வாசலில் திரும்பப் போய் விழுகிறது. மடத்து ஆத்தும சோதனை என்ன பாவம் செய்தாய் என்று கேட்கும். கருக்கு அந்தக் கேள்வியை அப்படியே திருப்பி மடத்தையே கேட்கிறது. ஆத்தும சோதனையின் வடிவத்தை எடுத்துக்கொண்டு அதன் எழுவாயை மாற்றினது என்று இதை நான் வாசிப்பேன்.

இன்னொன்று மொழி. கருக்கு பேச்சில் எழுதப்பட்டது. இதைப் பாணி என்றும் கலகம் என்றும் பேசியிருக்கிறோம். மனசின் ஆரோக்கியத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. எங்கள் பக்கம் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசி, தெருவில் மதுரைப் பக்கத்துத் தமிழ் பேசி, எழுத்து என்று வந்தால் பாடப்புத்தகத் தமிழுக்குப் போகிற குடும்பங்கள் ஏராளம். நோட்டைத் திறந்ததும் கை 'இன்று எனக்கு மிகுந்த மனவேதனை ஏற்பட்டது' என்று எழுதுகிறது. யாருக்கோ எழுதின விண்ணப்பம் மாதிரி இருக்கிறது அது. வயித்தெரிச்சல், பொருமல், குமைச்சல், ஆத்தாமை என்று பேச்சில் நூறு தினுசு இருக்க, எழுத்தில் எல்லாம் மனவேதனையாகச் சப்பையாகிறது. கன்னடத்தில் அழுதுவிட்டுத் தமிழில் எழுதுகிறவளுக்கு இரண்டு மடங்கு சிரமம். பயிற்சியாளர்கள் குறைந்தபட்சம், பேசுற மாதிரியே எழுதுங்க, தப்பா இருந்தாலும் பரவாயில்ல, எந்த பாஷைன்னாலும் பரவாயில்ல என்று சொல்லியிருக்கலாம்.

கருக்கு வந்த பிறகு நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊர்ச் சனம் கோபப்பட்டது. எங்களைக் கேவலப்படுத்திவிட்டாய் என்றது. சில மாதம் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. பிறகு படித்த பையன்கள் எடுத்துச் சொல்லி நிலைமை மாறினது. ஆற்றிய எழுத்தே புதுக் காயமும் உண்டாக்கினது. கணக்கு நோட்டுக்கு இந்த விலை உண்டு. பேர் எழுதினால் பேருக்குரியவன் வருவான். மனசு நோட்டை எல்லோரும் சிபாரிசு செய்வதற்குக் காரணமே அதில் யாருக்கும் இந்த ஆபத்து இல்லை என்பதுதானே.

இனித் தோழர்களிடம் கொஞ்சம். நாட்குறிப்பு பூர்ஷ்வாத் தனிமனித நோய், நமக்கு அதெல்லாம் எதற்கு என்கிற பேச்சை இயக்கங்களில் நிறையக் கேட்டாயிற்று. ஆனால் நம்மிடம் இருக்கிற நோட்டுகள் எப்படி? சங்கத்தின் தீர்மான நோட்டையோ மகளிர் குழுவின் தீர்மான நோட்டையோ புரட்டிப் பாருங்கள். அடிதடிவரைக்கும் போன கூட்டத்துக்கும் 'அனைவரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டனர்' என்றுதான் பதிவு. சுயவிமர்சன அறிக்கை என்று ஒன்று எழுதச் சொல்வோமே, அது இஞ்ஞாசியாரின் புள்ளிக்கோட்டுக்கு எந்த விதத்தில் வேறு? தோழர் தன் தவறை எழுதுவார், கமிட்டி வாசிக்கும். கமிட்டியின் தவறு எந்தப் பக்கத்தில் வரும்? அடுத்தவர் துயரத்துக்கு நோட்டீஸ் அடித்து அடித்து, சொந்தத் துயரத்துக்கு ஒரு வாக்கியம் இல்லாமல் ஒடுங்கிப் போனவர்களை இந்த மாவட்டத்திலேயே தெரியும். அவர்களில் சிலர் இன்றைக்கு இல்லை. ஒரு முழுநேர ஊழியர், தனக்கு அலவன்ஸ் வராத மாதங்களையும், வராததற்கு யார் என்ன பதில் சொன்னார்கள் என்பதையும் தேதி போட்டு எழுதிவைத்தால் அது தனிமனிதவாதம் என்று எந்த மார்க்சும் சொல்லமாட்டார்.

இங்கே நியாயமான ஒரு ஆட்சேபம் வரும். எல்லாத் துக்கத்துக்கும் எதிராளி உண்டா? பிள்ளையைக் காய்ச்சலில் பறிகொடுத்தவள் யார் பேரில் பற்று எழுதுவாள்? பாதிக்குப் பதில் உண்டு. காய்ச்சலுக்கும் ஆஸ்பத்திரி, ரோடு, பணம் என்று பேர்கள் உண்டு. மிச்சப் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த மிச்சத்துக்குத்தான் ஒப்பாரி இருந்தது. ஆனால் ஒப்பாரியும் வெறும் அழுகையல்ல. இசபெல் கிளார்க்-டெசே தமிழ்ப் பெண்களின் ஒப்பாரியைப் பற்றி 2005இல் எழுதின புத்தகத்தின் தலைப்பே, செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்கிற மாதிரி இருக்கும். பிணத்தைச் சாக்கு வைத்துத் தன் குறையைப் பாடுகிறாள், சீர் கொண்டுவராத அண்ணனை, மதிக்காத மருமகளை, வாக்கப்பட்ட ஊரை. எதிராளி அங்கேயே பந்தலில் நிற்பான். கேட்டுத்தான் ஆக வேண்டும். சாவு வீட்டில் பாடினதற்கு மறுநாள் யாரும் சண்டைக்கு வரக் கூடாது என்பது வழக்கம். பூட்டும் சாவியும் இல்லாமலே பாதுகாப்புள்ள ஒரு சொல்லும் இடம். அதற்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை, சுற்றிக் கட்டிக்கொள்ள நாலு பெண்கள் இருந்தால் போதும். ஏலத்தோட்ட ஜீப்பில் பதினாறு பேர் நெருக்கிக்கொண்டு மலை ஏறும்போது நடக்கிற பேச்சிலும் இதன் சாயல் உண்டு. பேர் சொல்லித்தான் பேசுவார்கள். டிரைவர் காதில் விழுந்தாலும் சொல்ல மாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

ஒப்பாரி இப்போது எங்கள் தெருவில் மைக்செட்டோடு கூலிக்கு வருகிறது. பாடுகிறவர்கள் நன்றாகவே பாடுகிறார்கள். செத்தவரின் பேரையும் பிள்ளைகள் பேரையும் ஒரு தாளில் எழுதி முன்கூட்டியே அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். அந்தத் தாளை எழுதிக் கொடுப்பது அநேகமாக வீட்டு ஆம்பளைகள்.